தாய்மாமன் மடி

ஒரு காதுகுத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அரியலூர் மாவட்டம் கீழப்பழுவூர்ப் பக்கம், வேப்பமரத்தடியில் ஒரு குலதெய்வக் கோயில். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயாத பதினொரு மாதப் பையன். ஆசாரி கம்பியும் கையுமாகக் காத்திருக்கிறார். மாமன் சீர் வந்து இறங்கிவிட்டது. தாம்பாளம் தாம்பாளமாகப் பழம், பூ, துணிமணி, ஒரு ஜோடித் தோடு. சற்றுத் தள்ளிக் கட்டிப்போட்ட கிடா. இனி மாமன் சம்மணம் போட்டு உட்கார்ந்து மருமகனை மடியில் வாங்க வேண்டும். அவரோ ஒரு காலை நீட்டியபடிதான் உட்காருகிறார். "அவனுக்குச் சின்ன வயசுலயே இளம்பிள்ளைவாதம், முட்டி மடங்காது" என்று ஒரு பெரியம்மா யாருக்கோ சொல்கிறார். காது குத்தியாயிற்று. பையன் அலறி, ஓய்ந்து, தூங்கியும் போய்விட்டான். ரத்தம் இரண்டு சொட்டோடு நின்றுவிட்டது.

ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தால் தலையணை நனைந்திருக்கிறது.

குடும்பம் கற்பனைதான். ஆனால் நின்ற ரத்தம் மறுபடி கசிந்ததும், மாமனின் மடங்காத முட்டியும் கற்பனை இல்லை. ஹீமோபிலியா என்கிற குருதி உறையாமை நோயின் இரண்டு பெரிய தடயங்கள் அவை. ஒன்று பிள்ளையின் காதில் இருந்தது, மற்றது அவன் உட்கார்ந்த மடிக்குக் கீழேயே இருந்தது. கூட்டத்தில் நூறு பேர் இருந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போவது அதைத்தான்.

முதலில் அந்தக் காது. குத்தியதும் ஏன் நின்றது, பிறகு ஏன் கசிந்தது?

ரத்தக்குழாயில் ஓட்டை விழுந்தால் உடம்பு இரண்டு கட்டமாக அடைக்கிறது. முதலில் தட்டணுக்கள் ஓடிவந்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி ஓட்டையை மூடுகின்றன. இது சில நிமிட வேலை. அரியலூர்க்காரருக்குச் சொல்வதென்றால் இது பள்ளத்தில் ஜல்லி கொட்டுவது மாதிரி. பார்க்க மூடியதுபோல் இருக்கும். தண்ணீர் அழுத்தினால் நிற்காது. ஜல்லிக்கு மேல் சிமென்ட் பாயவேண்டும். அந்தச் சிமென்ட்தான் ஃபைப்ரின் என்கிற புரத இழை. தட்டணுக்களுக்கிடையே வலைபோலப் பின்னி இறுகி, காயம் ஆறும்வரை பிடித்துக்கொள்ளும். ஹீமோபிலியாக்காரருக்கு ஜல்லியில் குறையே இல்லை. தட்டணு எண்ணிக்கை சரியாக இருக்கும். சிமென்ட்தான் வந்து சேராது. அதனால்தான் ரத்தம் முதலில் நிற்கிறது. சில மணி நேரம் கழித்து, ஜல்லி சரியும்போது, கசியத் தொடங்குகிறது.

ஃபைப்ரின் ரத்தத்தில் தயாராக மிதந்துகொண்டிருப்பதில்லை. மிதந்தால் நாம் உயிரோடு இருக்கமாட்டோம். தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் உருவாக வேண்டும். அதற்கென்று பத்துப் பன்னிரண்டு பொருட்கள் வரிசையாக ஒன்றையொன்று தட்டி எழுப்புகின்றன. அவற்றை ஃபாக்டர் என்று அழைத்து ரோமன் எண்ணால் குறிப்பார்கள். நான்காம் ஃபாக்டர் வேறொன்றுமில்லை, கால்சியம். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் இருக்கிற அதே கால்சியம். சிமென்ட் உவமை எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். எட்டாம் ஃபாக்டரும் ஒன்பதாம் ஃபாக்டரும் கூட்டாளிகள். ஒன்பது வேலை செய்யும் கை; எட்டு அந்தக் கையைச் சரியாகப் பொருத்திப் பிடிக்கும் துணை. எட்டு சேர்ந்தால் ஒன்பதின் வேகம் லட்சம் மடங்குக்கும் மேல் கூடுகிறது. எட்டு குறைந்தால் ஹீமோபிலியா ஏ. ஒன்பது குறைந்தால் ஹீமோபிலியா பி. இருவரில் யார் வராவிட்டாலும் வேலை நின்றுபோவதால், வெளியே பார்க்க இரண்டும் ஒரே நோய்.

ஒரே நோய் என்றுதான் மருத்துவர்களும் வெகுகாலம் நம்பினார்கள். 1940களில் ப்யூனஸ் அயர்ஸில் ஆல்ஃப்ரெடோ பாவ்லோவ்ஸ்கி என்ற மருத்துவர் இரண்டு நோயாளிகளின் ரத்தத்தைச் சோதனைக்குழாயில் கலந்து பார்த்தார். தனித்தனியாக உறையாத இரண்டும் சேர்ந்ததும் உறைந்தன. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்திருக்கிறது! 1952இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஸ்மேரி பிக்ஸும் அவரது குழுவும் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்த சிறுவனின் பெயர் ஸ்டீஃபன் கிறிஸ்துமஸ். கட்டுரை வெளிவந்தது பிரிட்டிஷ் மருத்துவ இதழின் கிறிஸ்துமஸ் வாரப் பதிப்பில். ஹீமோபிலியா பிக்குக் 'கிறிஸ்துமஸ் நோய்' என்ற பெயர் வந்தது இப்படித்தான். பண்டிகைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நோயின் கடுமையை எண்ணில் சொல்லிவிடலாம். சாதாரணமாக இருக்கவேண்டிய ஃபாக்டரில் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் கடுமையானது; காரணமே இல்லாமல் உள்ளுக்குள் ரத்தம் கசியும். 1 முதல் 5 வரை நடுத்தரம். 5க்கு மேல் 40க்குள் லேசானது. லேசான நோயுள்ளவர் பல் பிடுங்கும்வரை, சிலசமயம் அறுபது வயதில் ஆபரேஷன் மேசைக்குப் போகும்வரை, தனக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே வாழ்ந்துவிடுவார்.

இனி அந்த முட்டி.

ஹீமோபிலியா என்றால் சின்ன வெட்டுக்காயத்திலேயே ரத்தம் கொட்டிச் செத்துப்போவார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தவறு. மற்றவர்களைவிட வேகமாக ரத்தம் வராது. நீண்டநேரம் வரும், அவ்வளவுதான். தோல் கிழிந்தால் அழுத்திப் பிடித்து நிறுத்திவிடலாம். ஆபத்து கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. உறைதலைத் தொடங்கிவைக்கும் பொருள் ஒன்று தோலில் தாராளமாகவும் மூட்டுக்குள் மிகக் குறைவாகவும் இருக்கிறது. போதாக்குறைக்கு முழங்கால், கணுக்கால், முழங்கை மூன்றும் நாள் முழுக்க மடங்கி நீட்டி உழைக்கின்றன. ஆகவே கடுமையான ஹீமோபிலியா உள்ள பையன் நடக்கத் தொடங்கியதும் மூட்டுக்குள் கசிவும் தொடங்கிவிடுகிறது. முதலில் ஒரு குறுகுறுப்பு, பிறகு சூடு, பிறகு வீக்கம், வலி, காலை அசைக்க முடியாத நிலை. மூட்டின் உள்சவ்வு அந்த ரத்தத்தை உறிஞ்சி, அதிலுள்ள இரும்பால் கெட்டுத் தடித்து, புதிய மெல்லிய ரத்தக்குழாய்களை வளர்க்கிறது. அவை இன்னும் எளிதாகக் கசிகின்றன. இப்படியே திரும்பத் திரும்ப நடந்து குருத்தெலும்பு அரித்துப்போகும். இருபது வயதுக்குள் முட்டி மடங்காது. ஊரில் அதைப் 'பிள்ளைவாதம்' என்பார்கள். இளம்பிள்ளைவாதம் நிஜமாகவே ஊருக்கு ஊர் இருந்த காலத்தில் வளர்ந்தவர் என்றால் யாருக்கும் சந்தேகமும் வராது.

அந்த முட்டிக்கு நம் ஊர் செய்யும் வைத்தியத்தைச் சொல்லாமல் போகமுடியாது. விளையாடிவிட்டு வந்த பையனின் கால் வீங்கியிருக்கிறது. "சுளுக்கு" என்கிறார்கள். எண்ணெய் போட்டு அழுத்தி நீவுகிறார்கள். கசிந்துகொண்டிருக்கும் மூட்டை அழுத்தி உருவுவதைவிடக் கெடுதல் இன்னொன்று இருக்கமுடியாது. அடங்கவில்லையென்றால் டவுனுக்குக் கூட்டிப்போய், "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்." இடுப்பில் ஊசி. தசைக்குள் குத்திய இடத்தில் ரத்தம் கட்டி, இப்போது இரண்டு வீக்கம். வலி மாத்திரையும் கொடுக்கிறார்கள். அது ஆஸ்பிரின் அல்லது ஐப்யூப்ரோஃபென் வகையாக இருந்தால், கொட்டியிருக்கும் ஜல்லியையும் அது கலைத்துவிடும். அன்போடுதான் எல்லாம் நடக்கிறது. அந்த வீட்டில் செய்திருக்கவேண்டியது காலை அசைக்காமல் உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்து, வலிக்கு வேண்டுமானால் பாராசிட்டமால் கொடுத்து, ஃபாக்டர் இருக்கும் மருத்துவமனைக்குக் கிளம்புவது. தலையில் அடிபட்டிருந்தால் ஒத்தடத்துக்கும் காத்திருக்கக்கூடாது. வலி இல்லாவிட்டாலும், காயமே தெரியாவிட்டாலும், உடனே கிளம்ப வேண்டும்.

"எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, நார்மல்" என்று ஒரு பதில் வரும். அந்த 'எல்லா டெஸ்டும்' பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கும் பி.டி., சி.டி. இரண்டும்தான். காதிலோ விரலிலோ குத்தி ரத்தம் நிற்க எவ்வளவு நேரம் என்று பார்ப்பது முதலாவது. அது ஜல்லியை மட்டும் சோதிக்கிறது. ஹீமோபிலியாவில் நார்மலாகத்தான் இருக்கும். இரண்டாவதோ மொண்ணைக் கத்தி. நோய் மிகக் கடுமையாக இருந்தாலொழிய காட்டிக்கொடுக்காது. கேட்கவேண்டிய சோதனையின் பெயர் ஏ.பி.டி.டி. சாதாரணமாக 30 முதல் 40 விநாடியில் முடியவேண்டியது ஹீமோபிலியாவில் நீண்டுபோகும். லேசான நோயில் இதுவும் சிலசமயம் தப்பவிட்டுவிடும் என்பதால், குடும்பத்தில் சந்தேகம் இருந்தால் ஃபாக்டர் அளவையே நேராகப் பார்த்துவிடுவது நல்லது.

*

குடும்பம் என்றதும், மாமன் எப்படித் தடயமானார் என்பதற்கு வருவோம்.

எட்டு, ஒன்பது இரண்டு ஃபாக்டர்களுக்குமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பழுது இருந்தால் மற்றது சமாளித்துக்கொள்ளும். ஆணுக்கு ஒன்றே ஒன்று. அதை அவன் அம்மாவிடமிருந்து மட்டுமே பெறுகிறான். அப்பாவிடமிருந்து அவனுக்கு வருவது ஒய். ஆகவே பழுதான எக்ஸ் உள்ள அம்மாவுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் அந்தப் பழுதைச் சுமக்கவும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. இப்படிச் சுமப்பவரைப் பாடநூல்களில் 'கடத்தி' என்கிறார்கள். ஏதோ தங்கம் கடத்துகிறவரைப்போல ஒலிக்கிறது. நான் 'தாங்கி' என்றே எழுதுகிறேன்.

இப்போது அந்தப் பையனின் அம்மாவை நினைத்துப் பாருங்கள். அவருடைய எக்ஸ்களில் ஒன்று அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. அதே பாட்டிக்குப் பிறந்த ஆண்பிள்ளை யார்? தாய்மாமன். பாட்டி தாங்கி என்றால் பழுது ஒருபுறம் மாமன் உடம்பில் நோயாக வெளிப்பட்டிருக்கும், மறுபுறம் அம்மா உடம்பில் ஒளிந்துகிடக்கும். அப்பாவின் பக்கம் எத்தனை தலைமுறை தேடினாலும் அகப்படாது. ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று ஒரே சொல்லால் அழைத்துவிடுவதால் அங்கே மருத்துவர் "அம்மா வழி அங்கிளா, அப்பா வழி அங்கிளா" என்று மேலும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. தமிழில் சித்தப்பா வேறு, மாமன் வேறு. காதுகுத்துக்கு மடி கொடுப்பது யார் என்று கேட்டாலே போதும். எக்ஸ் குரோமோசோம் போன பாதையில்தான் நம் சீர் வரிசையும் போகிறது.

ஹீமோபிலியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக லண்டன் அரண்மனையில் தொடங்குவார்கள். விக்டோரியா மகாராணி தாங்கி. அவருடைய மகன் லியோபோல்ட் 1884இல் கீழே விழுந்து, 30 வயதில் இறந்தார். மகள்கள் ஆலிஸும் பியாட்ரிஸும் தாங்கிகள். ஆலிஸின் மகள் ரஷ்யப் பேரரசியாகப் போனார், பியாட்ரிஸின் மகள் ஸ்பெயின் ராணியாகப் போனார். சீதனத்தோடு நோயும் போயிற்று. ரஷ்ய இளவரசன் அலெக்ஸியின் எலும்பிலிருந்து எடுத்த மரபணுவை 2009இல் படித்தபோதுதான் அது ஹீமோபிலியா பி என்று தெரியவந்தது. நம் பழுவூரை ஆண்ட பழுவேட்டரையர் குலத்துப் பெண்ணும் முதலாம் பராந்தக சோழனுக்கு மனைவியாகிப் போனவர்தான். அவர் மகன் அரிஞ்சயன் பிறகு சோழ மன்னனானான். அங்கே இந்த நோய் இருந்ததாக எந்தச் செப்பேடும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பெண் கொடுத்து உறவு கொண்டாடும் ஊர் எதுவானாலும் எக்ஸ் குரோமோசோம் பயணிக்கும் விதம் ஒன்றுதான் என்பதற்காகச் சொன்னேன்.

*

"சொந்தத்துல கட்டினதால வந்தது." இந்த நோயைப் பற்றித் தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு இது. பாதி மருத்துவர்கள்கூட இதைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள் என்று தோன்றுகிறது. இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பையனுக்கு ஹீமோபிலியா வர அம்மாவின் ஒரு எக்ஸ் பழுதானால் போதும். அப்பா சொந்தக்காரரா, சிங்கப்பூர்க்காரரா என்பதற்கு அதில் வேலையே இல்லை. அப்பாவின் எக்ஸ் மகனுக்குப் போவதே கிடையாது! ஆகவே மகனின் நோய்க்கு உறவுத் திருமணத்தைப் பழிப்பது கணக்குத் தெரியாத பழி. உறவுத் திருமணத்தின் பேரில் எழுதவேண்டிய ரத்தப்போக்கு நோய்கள் வேறு இருக்கின்றன. பதின்மூன்றாம் ஃபாக்டர் குறைபாடு, மூன்றாம் வகை வான் வில்லிபிராண்ட் நோய், தட்டணுக்கள் ஒட்டாமல் போகும் கிளான்ஸ்மான் நோய். இவற்றுக்கு இரண்டு பெற்றோரிடமிருந்தும் பழுது வரவேண்டும். ஒரே தாத்தா பாட்டி வழியில் வந்த இருவர் மணந்தால் அந்த வாய்ப்பு கூடுகிறது. பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் ரத்தம் கசிந்தால் பதின்மூன்றாம் ஃபாக்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஹீமோபிலியாவில் அப்படிக் கசிவது அபூர்வம்.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் சொந்தம் நிஜமாகவே கணக்கை மாற்றும். மாப்பிள்ளைக்கே ஹீமோபிலியா இருக்கும்போது.

அவர் அத்தை மகளைக் கட்டினால் கூடுதல் ஆபத்து இல்லை. அவருடைய பழுதான எக்ஸ் அம்மா வழியில் வந்தது. அத்தையோ அப்பா வழி. (அப்பாவும் அம்மாவுமே முன்பே சொந்தமாக இருந்துவிட்டால் இந்தக் கணக்கைத் திரும்பப் போடவேண்டும், நம் ஊரில் அது அடிக்கடி நடக்கிற காரியம்.) மாமன் மகள் என்றால் மாமனைப் பார்க்க வேண்டும். மாமன் நோயில்லாதவர் என்றால் அவர் எக்ஸில் பழுது இல்லை, மகளுக்கு அவர்மூலம் எதுவும் வராது. மாமனுக்கும் நோய் இருந்தால் அவருடைய ஒரே எக்ஸ்தான் ஒவ்வொரு மகளுக்கும் போகும். மகள்கள் அத்தனை பேரும் சந்தேகமில்லாமல் தாங்கிகள். அக்கா மகள் என்றால்? மாப்பிள்ளையின் அம்மா தாங்கி என்றால், அக்கா தாங்கியாக இருக்க இரண்டில் ஒன்று, அக்கா மகள் தாங்கியாக இருக்க நான்கில் ஒன்று. நோயுள்ள ஆணும் தாங்கியான பெண்ணும் சேர்ந்தால் பிறக்கும் மகன்களில் பாதிப் பேருக்கு மட்டுமல்ல, மகள்களிலும் பாதிப் பேருக்கு ஹீமோபிலியாவே வரலாம். பெண்ணுக்கு முழு ஹீமோபிலியா என்பது உலகில் மிக அபூர்வம். அதற்கு வழி திறந்துவைக்கும் முறைமாமன் கல்யாணம் நம்மிடையே சாதாரணம்.

காதுகுத்துக்குத் திரும்பிப் போங்கள். அன்றைக்கே அந்த நொண்டி மாமனின் மகளைக் காட்டி, "இந்தா உன் பொண்டாட்டி" என்று பையனை யாராவது கேலி பண்ணியிருப்பார்கள். கேலிதான். ஆனால் இந்த ஊர்ப்பக்கம் பாதிக் கல்யாணங்கள் அப்படித்தானே தொடங்குகின்றன.

பழி முதலில் போய்ச் சேருவது அம்மாவிடம். "உன் பொறந்த வீட்டு சீக்கு." மாமியார் வாயிலிருந்து வந்தாலும் மருத்துவர் வாயிலிருந்து வந்தாலும் அது ஒன்றுதான். கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலுக்கு ஒரு தலபுராணம் உண்டு. அப்பா சொல்லைக் கேட்டுத் தாயைக் கொன்ற பரசுராமர், அந்தப் பாவம் தீர வந்து வழிபட்ட இடம் இது என்பார்கள். அந்த ஊர்ப் பக்கத்தில் மரபணுவின் பேரைச் சொல்லித் தாயைக் குத்துகிறவர்கள் அந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். யாரும் தன் குரோமோசோமைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பிறப்பதில்லை. தவிர, ஹீமோபிலியா உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்னால் யாருக்குமே இருந்ததில்லை. மரபணு புதிதாகப் பழுதானதுதான் காரணம். கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் சுமார் 45 சதவீதம் பேருக்கு எட்டாம் ஃபாக்டர் மரபணுவின் ஒரு பெரிய துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டியிருக்கும். இந்தத் தலைகீழ் பெரும்பாலும் நடப்பது ஆணின் விந்தணு உருவாகும்போது. அதாவது பல குடும்பங்களில் பழுது தொடங்கியது அம்மாவிடம் அல்ல, அம்மாவின் அப்பாவிடம். தாத்தாவை யாரும் திட்டுவதில்லை.

தாங்கிகளுக்கும் உடம்பு உண்டு என்பதை மருத்துவம் வெகுதாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று அணைந்துவிடுகிறது. எது அணையும் என்பது குலுக்கல் சீட்டு. இதை 1961இல் மேரி லயன் முன்வைத்தார். குலுக்கலில் நல்ல எக்ஸ் அதிகமாக அணைந்துபோன பெண்ணுக்கு ஃபாக்டர் அளவு 30, 20 என்று இறங்கிவிடும். மாதவிடாயில் எட்டு நாள் ரத்தம் போகும், பிரசவத்தில் நிற்காது. "பெரும்பாடு, எங்க வீட்டுல எல்லாருக்கும் இப்படித்தான்" என்று தாயும் மகளும் சேர்ந்து சகித்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் இப்படித்தான் என்பதே சோதனைக்குப் போகப் போதுமான காரணம்.

*

சிகிச்சையின் வரலாறு ஒருவகையில் நல்ல சாமானைத் தேடிப்போன வரலாறு. முழு ரத்தம் ஏற்றினார்கள், பிறகு பிளாஸ்மா. 1964இல் ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் பூல், உறையவைத்த பிளாஸ்மாவை மெல்ல உருக்கும்போது அடியில் தங்கும் வண்டலில் எட்டாம் ஃபாக்டர் செறிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த வண்டல் பல உயிர்களைக் காத்தது. அடுத்து, ஆயிரக்கணக்கானோர் பிளாஸ்மாவைக் கலந்து தயாரித்த தூள் ஃபாக்டர் வந்தது. அதோடு எச்.ஐ.வி.யும் வந்தது. தன் பெயரை நோய்க்குத் தந்த ஸ்டீஃபன் கிறிஸ்துமஸ், ஏற்றிக்கொண்ட ரத்தத்தின் வழியாக வந்த எய்ட்ஸால் 1993இல் இறந்தார். 1984இல் எட்டாம் ஃபாக்டரின் மரபணுவைப் பிரித்தெடுத்ததும், மனித ரத்தமே தேவைப்படாத செயற்கை ஃபாக்டருக்கு வழி பிறந்தது. 1992இல் அது விற்பனைக்கு வந்தது.

ஃபாக்டர் கணக்கு எளிது. கிலோ எடைக்கு ஒரு யூனிட் கொடுத்தால் எட்டாம் ஃபாக்டர் 2 சதவீதம் ஏறும். 20 கிலோ பையனுக்கு முட்டியில் கசிவு, 40 சதவீதத்துக்கு ஏற்றவேண்டும் என்றால் 400 யூனிட். ஆனால் சுமார் 12 மணி நேரத்தில் அதில் பாதி கரைந்துவிடும். இதைவிட நல்ல வழி, கசிந்தபின் ஓடாமல், வாரத்தில் இரண்டு மூன்று முறை முன்கூட்டியே கொடுத்துவருவது. பணக்கார நாடுகள் அப்படித்தான் செய்கின்றன. அவ்வளவு ஃபாக்டருக்கு நாம் எங்கே போவது?

இந்தக் கேள்வியோடு பிடிவாதமாக உட்கார்ந்த இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழு, மேலைநாட்டு அளவைவிடக் குறைந்த ஃபாக்டரைக் கொண்டே அறுவை சிகிச்சை செய்யமுடியும், மூட்டுகளைக் காக்கமுடியும் என்று காட்டியது. உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2020ஆம் ஆண்டு சிகிச்சை வழிகாட்டிக்கு முதன்மை ஆசிரியரும் அவர்தான். 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அதே குழு இன்னொன்றை அறிவித்தது. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேரின் ரத்த மூலச்செல்களை வெளியே எடுத்து, வீரியம் நீக்கிய ஒரு வைரஸின் முதுகில் எட்டாம் ஃபாக்டர் மரபணுவை ஏற்றி அந்தச் செல்களுக்குள் புகுத்தி, எலும்பு மஜ்ஜையை மருந்தால் காலிசெய்துவிட்டு அதே செல்களைத் திரும்பச் செலுத்தினார்கள். அந்த மரபணு மனிதனுடையதும் பன்றியுடையதும் கலந்து செய்தது; பன்றியின் துண்டு இருந்தால் செல் ஃபாக்டரைத் தாராளமாகச் சுரக்கிறது. கண்காணித்த காலம் முழுவதும் ஐந்து பேரில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. அமெரிக்காவில் ஹீமோபிலியா பிக்கு 2022இல் அனுமதி பெற்ற மரபணு மருந்தின் விலை ஒரு ஆளுக்கு 35 லட்சம் டாலர் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேலூரில் நடப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். ஐந்து பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. மஜ்ஜையைக் காலிசெய்வது விளையாட்டும் அல்ல. நாளைக்கே அரியலூருக்கு வந்துவிடும் என்று யாரும் நம்பிவிடக்கூடாது. 2017 முதல் இன்னொரு வழியும் இருக்கிறது. எமிசிஸுமாப் என்ற மருந்து, எட்டாம் ஃபாக்டர் செய்யவேண்டிய பொருத்திப்பிடிக்கும் வேலையைத் தானே செய்கிறது. நரம்பில் ஏற்ற வேண்டியதில்லை, தோலுக்கடியில் போட்டால் போதும். ஏற்றிய ஃபாக்டரையே உடம்பு எதிரியாக எண்ணி அழிக்கத் தொடங்கிவிட்ட நோயாளிகளுக்கு இது பெரிய விடுதலை.

இப்போது ஒரு வகுத்தல் கணக்கு. பிறக்கும் ஆண்குழந்தைகளில் சுமார் 5,000க்கு ஒருவருக்கு ஹீமோபிலியா ஏ. 2011 கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டத்தில் சுமார் 3 லட்சத்து 75 ஆயிரம் ஆண்கள். வகுத்தால் 75 வருகிறது. பிறந்தவர்கள் எல்லோரும் பிழைத்திருந்தால் இந்த ஒரு மாவட்டத்திலேயே ஏறக்குறைய 75 பேர் இருக்கவேண்டும்; ஹீமோபிலியா பி சேர்த்தால் இன்னும் கூடும். அவர்களில் சிலர் ஃபாக்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். சிலர் இன்னும் பிள்ளைவாதக்காரராகவே ஊரில் நடமாடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபாக்டர் இலவசம். கீழப்பழுவூர்க்காரர்களுக்கு அரியலூர் பக்கம், தஞ்சாவூரும் திருச்சியும் பஸ் தூரம். நோய் உறுதியானவர்கள் முன்கூட்டியே பதிவுசெய்து, தங்களுக்கு எட்டா ஒன்பதா, எத்தனை சதவீதம் என்று ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கிளம்பும் முன் ஃபாக்டர் இருப்பு இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொள்வதும் நல்லது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஹீமோபிலியாவும் ஒன்று. அதற்கான அடையாள அட்டை கேட்டு வாங்கலாம். தாங்கியா என்று தெரிந்துகொள்ள விரும்பும் பெண்களுக்கு வேலூரில் மரபணுச் சோதனை இருக்கிறது. கருவிலேயே கண்டறிய நினைப்பவர்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே அங்கே பேசிவிட வேண்டும், தரித்தபின் அவகாசம் போதாது.

உங்கள் வீட்டில் ஆண்பிள்ளைக்குக் காது குத்தவோ மொட்டை போடவோ நாள் குறித்திருந்தால், அதற்கு முன் பிள்ளையின் அம்மாவைப் பெற்ற பாட்டியிடம் ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள். அவர் பெற்ற ஆண்பிள்ளைகளிலோ, அவரோடு பிறந்த ஆண்களிலோ யாராவது சின்ன வயதில் ரத்தம் நிற்காமல் செத்துப்போனார்களா, யாருக்காவது முட்டி மடங்காதா என்று கேளுங்கள். 'ஆமாம்' என்றால் சடங்கைத் தள்ளிப்போடுங்கள். மருமகனுக்கு மட்டுமல்ல, மடி கொடுக்கப்போகும் மாமனுக்கும் சேர்த்து ரத்தம் பரிசோதியுங்கள்.